ஆடும் கால் தமிழ்க் கால். பாடும் மொழி எவர் மொழி?

ஆண்டுதோறும் ஒன்பான் இரவு விழாவை ஒட்டிப் பத்மநாபபுரத்து அரண்மனையிலிருந்து ஓர் ஊர்வலம் புறப்படுகின்றது. தேவாரக்கட்டுக் கலைமகள் யானைமேல் ஏறுகின்றாள். வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் செல்கின்றனர். பழைய அரசரின் உடைவாளை முன்னே ஏந்திச் செல்ல, தமிழ்நாட்டுக் காவலரும் கேரளக் காவலரும் அணிவகுத்து மதிப்புச் செய்ய, குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியே ஊர்வலம் திருவனந்தபுரம் சேர்கின்றது. வேணாட்டின் தலைநகர் 1795-ஆம் ஆண்டு பத்மநாபபுரத்தை விட்டுப் பெயர்ந்த பின் ஏற்பட்ட வழக்கம் இது. இக்கலைமகளின் உருவம் கம்பர் கைதொழுதது என்பது வழிவழி வந்த செய்தி.

திருவனந்தபுரத்து மண்டபத்தில் அவள் வீற்றிருக்கும் ஒன்பது இரவும் இசையரங்கு நிகழ்கின்றது. ஒவ்வோர் இரவுக்கும் முதன்மைப் பாட்டு ஒன்று, ஒன்பதும் சுவாதித் திருநாள் அரசர் இயற்றியவை, ஒன்பதும் வடமொழி! இலட்சுமணனை இலக்குவன் என்றும் விபீடணனை வீடணன் என்றும் தமிழாக்கி எழுதிய கம்பன் தொழுத தெய்வத்தின் முன்னால், அவன் எழுதிய மொழிக்கு முதலிடமில்லை. அம்மேடையில் பெண் பாடவும் நெடுங்காலம் தடையிருந்தது. 2006-ஆம் ஆண்டில்தான் பாறசாலை பொன்னம்மாள் முதன்முதலாக அங்கே அமர்ந்து பாடினார். பெண்ணுக்கு அடைத்திருந்த கதவு பிந்தியேனும் திறந்தது. தமிழுக்குத் திறப்பது எந்நாள்?

எனினும் இதற்காகத் திருவனந்தபுரத்தாரோடு வழக்காட வேண்டுவதில்லை. அஃது அவர்தம் அரண்மனை, அவர்தம் மரபு, தம் முன்னோரின் பாட்டை அவர்கள் போற்றிப் பாடுகின்றனர். கேட்க வேண்டிய கேள்வி நாகர்கோயிலில் இருக்கின்றது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் தமிழ்நாட்டோடு இணைந்தன. அவ் இணைப்புக்காக 1954-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் தமிழர் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டினர். அவர்கள் உயிர் கொடுத்துப் பெற்றது வெறும் எல்லைக் கோடு மட்டுந்தானா? அக்கோட்டுக்குள் தமிழ் பாடவும் ஆடவும் இடம் வேண்டும் என்பதும் அவ்வேட்கையுள் அடங்கியதன்றோ?

நாகர்கோயில் இன்று மாநகராட்சி. 2019-ஆம் ஆண்டே அப்பெயர் வந்துவிட்டது. தெருவுக்குத் தெரு ஆடற்பள்ளி வைத்திருப்பதும் மாநகர் ஆனதற்கு அடையாளம் போலும். மகளை ஆடற்பள்ளியிற் சேர்ப்பது நல்ல செயலே. அதனைக் குறை கூறுவார் அறிவிலார். ஏழெட்டு ஆண்டுகள் பயின்ற சிறுமி ஒரு மாலைப்பொழுது மேடையேறுகின்றாள். பெற்றோர் கடன்பட்டும் மண்டபம் பேசுகின்றனர், பட்டும் அணியும் வாங்குகின்றனர், ஊராரை அழைக்கின்றனர். அழைப்பிதழோ ஆங்கிலத்தில்! வந்தவர்கள் யார்? வடசேரிச் சந்தையில் கடை வைத்திருக்கும் தாய்மாமன். ஆரல்வாய்மொழியிலிருந்து பேருந்தேறி வந்த பாட்டி. தோவாளையிலிருந்து பூ கொண்டுவந்த அத்தை. மேடையில் தெலுங்கு வண்ணம் தொடங்குகின்றது. முக்கால் மணி நேரம் சிறுமி உயிரைக் கொடுத்து ஆடுகின்றாள். 'பிள்ளை என்ன சொல்லுகா?' என்று பாட்டி கேட்கின்றாள். பக்கத்திலிருப்பவர் உதட்டைப் பிதுக்குகின்றார். ஆடுகின்ற சிறுமியைக் கேட்டாலும் பள்ளியில் எழுதிக்கொடுத்த நான்கு வரியைத்தான் ஒப்பிப்பாள். பாடுகின்றவர் பாட்டின் பொருளை ஏட்டைப் பார்த்து அறிந்தவர். தொகுத்துரைப்பவர் ஒருவர் இடையிடையே வந்து ஆங்கிலத்தில் விளக்கம் கூறுகின்றார். தெலுங்கில் பாட்டு, ஆங்கிலத்தில் பொருள், தமிழில் எஞ்சியது கைதட்டல் ஒன்றே!

இஃது ஆடலின் குற்றமன்று. தெலுங்கின் குற்றமும் அன்று. தெலுங்கர் தம் பாட்டுக்குத் தாம் ஆடுவது அவர்தம் பெருமை. தனக்கென ஒரு பாட்டு இல்லாதவன்போல் தமிழன் நடந்துகொள்வதே குற்றம்.

இவ்வாடல் எவருடையது என்று ஐயுறுவார் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் புரட்டுக. ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டில் மாதவி மேடையேறினாள். ஆடலாசான் எத்தகையவன், இசையாசான் எத்தகையவன், பாட்டு எழுதும் புலவன் எத்தகையவன், தண்ணுமை முழக்குவோன், குழலூதுவோன், யாழ் இசைப்போன் ஆகியோர்க்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று இளங்கோவடிகள் ஒவ்வொருவராக எடுத்துக் கூறுகின்றார். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளவு தருகின்றார். அவள் பெற்ற பரிசு ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன். பாட்டுப் புலவனும் அவ்வரங்கின் உறுப்பினன் என்பதை ஊன்றி நோக்குக! பாட்டின் சொல்லை ஆடுவாளும் அறிந்தாள், அவையும் அறிந்தது. அதனாலன்றோ தலைக்கோல் கொடுக்க முடிந்தது! இந்நூலை எழுதியவர் சேரர் குடியினர் என்பதை இன்றைய சேரநாட்டுக்கு அண்டையிலுள்ள நாஞ்சில் நாட்டார் மறக்கலாமா? அதே நூலின் வஞ்சிக் காண்டத்தில் பறையூர்க் கூத்தச் சாக்கையன் செங்குட்டுவன் முன் ஆடுகின்றான்.

இடைக்காலத்தில் சதிர் என்றும் சின்னமேளம் என்றும் வழங்கிய இவ்வாடலுக்கு இன்றைய வரிசையைக் கட்டித் தந்தவர் யார்? சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை உடன்பிறந்தார் நால்வர். தமிழ் நட்டுவனார் குடியில் பிறந்தவர்கள். அவர்களுள் வடிவேலு திருவனந்தபுரம் சென்று சுவாதித் திருநாளின் அவையை அணிசெய்தார். 1834-ஆம் ஆண்டு அவ்வரசர் தந்த தந்தத்தாலான வயலினை ஏற்றார். வடமொழிப் பாட்டு முழங்கும் அரண்மனைக்கு இசையும் ஆடலும் கற்பித்தவன் தமிழன்! ஆயினும் அரசர்க்கு உவப்பான மொழியில் பாட்டுக் கட்ட வேண்டிய நிலை அக்காலக் கலைஞர்க்கு இருந்தது. தஞ்சையில் மராட்டியர் ஆண்டனர். தெலுங்கு அவைமொழியாக இருந்தது. சோறிட்டவன் மொழியில் பாடினர். அவர்களை நொந்து பயனில்லை. இன்று சோறிடுபவர் யார்? நாகர்கோயிலில் ஆடற்பள்ளிக்குக் கட்டணம் கட்டுகின்றவர் தமிழர். அந்நாளில் அரசர் மொழிக்குப் பணிந்த கலை, இந்நாளில் கட்டணம் கட்டுபவரின் மொழிக்குப் பணிய மறுப்பானேன்? தமிழர் கேட்கவில்லை, ஆகலின் கிடைக்கவில்லை.

பிறகு பெயரும் மாறிற்று. 1930-களில் சென்னையில் கிருட்டிணையர் போன்றோரும் மியூசிக் அகாதெமியினரும் சதிர் என்னும் பெயரை நீக்கிப் பரதநாட்டியம் என்று நிலைநாட்டினர். திருவிதாங்கூரில் 1930-ஆம் ஆண்டும் சென்னை மாநிலத்தில் 1947-ஆம் ஆண்டும் கோயிலுக்குப் பெண்ணை நேர்ந்துவிடும் கொடிய வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது. அஃது ஒழிந்தது நன்றே. அதில் இரண்டு கருத்து இருத்தல் ஆகாது. ஆனால் வழக்கம் ஒழிந்தபோது அக்குடிப் பெண்கள் மேடையை இழந்தனர். மேடையோ பிறர் கைக்குச் சென்று பெருமை பெற்றது. பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற நட்டுவனார்களிடம் கற்றவர்களே பின்னர் உலகறிந்தனர். இவ்வளவும் நடந்த பின், ஆடலின் பிறப்பே வடமொழி நூலொன்றில் என்று பள்ளிச் சிறுமிக்குக் கற்பிக்கின்றனர்!

'கலைக்கு மொழி இல்லை' என்பர் ஒரு சாரார். நன்று! மொழி இல்லையெனின் தமிழில் பாடினால் என்ன குறைந்துவிடும்? தமிழில் பாடச் சொன்னால்மட்டும் திடுமெனக் கலைக்கு மொழி முளைத்துவிடுகின்றது; 'தெலுங்கின் இனிமை வராது' என்கின்றனர். 1941-ஆம் ஆண்டு சிதம்பரத்தில் அண்ணாமலை அரசர் தமிழிசை மாநாடு கூட்டியபோதும், 1943-ஆம் ஆண்டு சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியபோதும் இதே விடையைத்தான் கூறினர். சென்னிகுளம் அண்ணாமலையாரின் காவடிச் சிந்தைக் கேட்டு எவர் காது புண்பட்டது? 1917-ஆம் ஆண்டிலேயே ஆபிரகாம் பண்டிதர் பெருநூல் எழுதித் தமிழிசையின் பழைமையை நிறுவவில்லையா?

ஆடுதற்குத் தமிழ்ப் பாட்டு இல்லை என்பது அதனினும் பெரிய பொய். சீர்காழி மூவராகிய முத்துத் தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர் ஆகியோர் பாட்டுகள் தியாகராயருக்கும் முற்பட்டவை. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை 1944-ஆம் ஆண்டிலேயே கலாசேத்திரத்தார் மேடையேற்றினர். குற்றாலம் நாஞ்சில் நாட்டுக்கு எத்துணைத் தொலைவு? நாகர்கோயில் வடிவீச்சுரத்தில் பிறந்து பத்மநாபபுரத்தில் வளர்ந்தவர் நீலகண்ட சிவன். தில்லைக் கூத்தன் ஆடும் அழகைப் பூர்விகலியாணிப் பண்ணில் அவர் பாடிய பாட்டைச் சென்னை மேடைகள் அறியும். அவர் தமிழில் வடசொற் கலப்பு மிகுதி என்பது மெய். என்றாலும், வடிவீச்சுரத்துத் தெருவில் ஆடல் பயிலும் சிறுமிக்கு அத்தெருவில் பிறந்தவர் பாட்டு ஒன்றேனும் தெரியாதிருப்பது வடசொற் கலப்பினும் பெரிய குறை. திருவனந்தபுரத்திலேயே வாழ்ந்து இறுதிவரை தமிழிலேயே பாட்டியற்றிய இலட்சுமணப் பிள்ளையின் பெயரையேனும் ஆடற்பள்ளிகள் கேட்டிருக்குமா?

இதுகாறும் கூறியது மேடைக்குள் நிகழ்வது. மேடைக்கு வெளியே அழிந்துகொண்டிருப்பதோ இதனினும் பெரிது.

நாஞ்சில் நாட்டுக்கும் நெல்லைச் சீமைக்கும் உரிய கலை வில்லுப்பாட்டு. மணிகள் கட்டிய வில். அதன் நடுவே பிணைத்த குடம். உடுக்கை, தாளம், கட்டை. புலவர் வீசுகோலைத் தூக்கியெறிந்து பிடித்து நாணில் அறைய, வலத்தே பாடுபவர் பாட, இடத்தே இருப்பவர் ஏற்றுப் பாடுவர். இக்கலைக்கு அகராதி வேண்டுவதில்லை, தொகுத்துரைப்பவர் வேண்டுவதில்லை. மூவாயிரம் பேர் மண்ணில் அமர்ந்து கேட்பர். ஒரு சொல்லும் தப்பாது. கொடைவிழாவின் முதல் இரவு குடியழைப்பு. வரத்துப்பாட்டு ஏறஏறக் கோமரத்தாடி எழுந்து ஆடுவான். பாட்டும் ஆட்டமும் கதையும் ஒன்றாய்ப் பிணைந்த கலை இது.

அப்பாட்டுகளில் உள்ளது என்ன? கணியாகுளம் போர்க்களத்தில் திருமலை நாயக்கரின் படையை எதிர்த்து நின்று மடிந்த வேணாட்டு அமைச்சன் இரவிக்குட்டிப் பிள்ளையின் கதை தமிழில் இருக்கின்றது. வேணாட்டு அரசுரிமைச் சண்டையில் மாண்ட தம்பிமார் கதை தமிழில் இருக்கின்றது. சக்கிலியர் குடிப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, அவர்தம் தொழிலையும் ஏற்றுக்கொண்டு, ஆநிரை காக்கப் போய் உயிர்விட்ட பார்ப்பன இளைஞன் முத்துப்பட்டன் கதை தமிழில் இருக்கின்றது. சாதியின் பெயரால் கொல்லப்பட்டோரையெல்லாம் தெய்வமாக்கி, கொன்றவன் வழியினரையே அத்தெய்வத்தின் முன் நிற்கச் செய்தவை இப்பாட்டுகள். அரண்மனைக் கல்வெட்டு சொல்லாத வரலாற்றை வில் சொல்கின்றது. வேணாடு தமிழ் பாடிய நாடு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்வில்லைக் கையில் எடுத்தவர் ஆடவர்மட்டும் அல்லர். கொட்டாரத்தை அடுத்த சரவணந்தேரியில் பிறந்த பூங்கனி சிறுமியாய் இருக்கும்போதே வில்லேறிப் பாடத் தொடங்கினார். பெண்ணொருத்தி இரவெல்லாம் ஊர்நடுவே அமர்ந்து கதை பாடுவது எளிதன்று. அவர் குரலுக்காகக் கூட்டம் கூடிற்று. பின்னர்க் கொடைகள் மாறின, அழைப்புகள் குறைந்தன. இறுதிக் காலத்தை வறுமையில் கழித்து 2018-ஆம் ஆண்டு மறைந்தார். மறைந்த பிறகே நாளிதழ்கள் பலவும் அவர் பெயரை எழுதின. ஓர் அரங்கேற்றத்தில் ஒரு மாலைக்குள் வாடும் பூவுக்காகும் செலவு, அவர் போன்றோர்க்கு எத்தனை நாள் உணவாகியிருக்கும்!

கணியான் கூத்தின் நிலையும் இதுவே. அண்ணாவி பாட, பெண் உடை புனைந்த ஆடவர் இருவர் சலங்கை கட்டி ஆட, மகுடங்கள் இரண்டு முழங்கும். ஒன்று உச்சம், மற்றொன்று மந்தம். தோலைத் தீயிற் காய்ச்சிப் பதம் பார்த்து அடிக்கும்போது எழும் முழக்கம் கால்வழி ஏறி நெஞ்சில் அறையும். அவ்வாட்டத்தில் ஈராண்டு பயின்றவன் தாள அறிவை எந்த ஆடற்பள்ளியும் குறைத்து மதிப்பிட இயலாது. ஆனால் அதனை அறிந்த குடும்பங்கள் மிகச் சில. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோ வேறு வேலைக்குச் செல்கின்றனர். செல்லாமல் என் செய்வர்? இழிகுலத்தான் ஆட்டம் என்று முகம் சுளித்துவிட்டு, அவன் மகன் அதனைக் காப்பாற்றவில்லை என்று வருந்துவது போலி வருத்தம். கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் விளக்கைச் சுற்றிக் கோலடித்து ஆடும் களியலாட்டம் ஆசான்களின் முதுமையோடு முதுமையடைகின்றது.

தோல்பாவைக் கூத்து ஒன்று உண்டு. அதனை இம்மாவட்டத்தில் நடத்திவருவோர் வீட்டில் மராட்டியம் பேசும் குடியினர். திரைக்குப் பின்னால் இருந்து அவர்கள் பேசுவதும் பாடுவதும் தமிழே! மராட்டியம் பேசுகின்றவன் தமிழ்க் கூத்தை இத்தனைத் தலைமுறையாகக் காத்து நிற்க, தமிழ் பேசுகின்றவன் தன் மகளைத் தெலுங்குக்கு ஆடவிட்டு மகிழ்கின்றான். என்ன விந்தை!

கொடைவிழாப் பந்தலில் இன்று முழங்குவது என்ன? சிங்காரி மேளம்! நாகசுரமும் தவிலும் நையாண்டி மேளமும் நின்ற இடத்தில் கேரளத்துச் செண்டைகள் வரிசைகட்டி நிற்கின்றன. அடிப்பவர்களும் பெரும்பாலும் இளைஞர், ஆடிக்கொண்டே அடிக்கின்றனர், பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றது. அவர்கள்மேல் குறையில்லை. பணம் கொடுத்து அழைத்து வந்தவன் அவ்வூர் விழாக் குழுத் தலைவன். அவனே வில்லுப்பாட்டுப் புலவரிடம், 'நடுச்சாமம் வரை இழுக்காதேயும், மெல்லிசை இருக்கு, ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொள்ளும்' என்று கூறுகின்றான். முத்துப்பட்டன் கதையை ஒரு மணி நேரத்தில் பாடுவது எப்படி? மாடு களவுபோகும் முன்பே அவன் சாக வேண்டியதுதான்!

மலையாளிகளிடம் கற்றுக்கொள்ள வேண்டியது செண்டையன்று. 1930-ஆம் ஆண்டு வள்ளத்தோள் என்னும் பாவலர் கதகளியைக் காக்கக் கலாமண்டலம் நிறுவினார். அரசர் கைவிட்டுக்கொண்டிருந்த கலையை ஒரு புலவன் தோளில் சுமந்தான். பணத்துக்காக ஊர் ஊராய் அலைந்தான். ஆசான்களைத் தேடிப்பிடித்து மாணாக்கரை அவர்களிடம் ஒப்படைத்தான். திருவட்டாற்றுக் கோயில் திருவிழாவில் இன்றும் கதகளி நடக்கின்றது. ஆடுவோர்க்கு ஒரு பள்ளியுண்டு, பட்டமுண்டு, பெயருண்டு. ஒரு கல் தொலைவில் நடக்கும் கொடையில் வில்லடிக்கும் தமிழனுக்கு என்ன உண்டு? சென்னையில் 1955-ஆம் ஆண்டு முதல் இயல் இசை நாடக மன்றம் உண்டு, விருது உண்டு. வில்லுக்கென்று பாடத்திட்டம் வகுத்து, ஆசானுக்கு ஊதியம் கொடுத்துக் கற்பிக்கும் பள்ளியொன்று நாஞ்சில் நாட்டு மண்ணில் எழ வேண்டும் என்று நாற்சந்தியில் நின்று கேட்டவர் எத்தனை பேர்?

இவ்விடத்தில் தனித்தமிழ் அன்பரையும் விட்டுவைத்தல் தகாது. 'கொடை என்பது மூடநம்பிக்கை. ஆடு வெட்டும் இடத்தில் அறிவுடையார்க்கு என்ன வேலை?' என்று ஒதுங்குகின்றவர் பலர். மேடையில் மூன்று மணி நேரம் தமிழ்ப் பெருமை பேசிவிட்டு, கூட்டம் கலையாதிருக்கத் திரைப்பாட்டு மெல்லிசை வைக்கின்றவரும் அவர்களே! வில்லைக் கொடைக்குள்ளேயே விட்டுவிட்டால் அது கொடையோடு போகும். வெளியே எடுத்துவரும் வழியைக் காட்டியவர் இதே நாகர்கோயில் ஒழுகினசேரியில் 1908-ஆம் ஆண்டு பிறந்த கலைவாணர் கிருட்டிணன். சாமி வந்து ஆடிய வில்லில் அவர் காந்தியடிகளின் வாழ்வைப் பாடினார். அறிவுக் கருத்தைப் பாடினார். மக்கள் சிரித்தனர், சிந்தித்தனர். அவரைத் தொட்டு வந்த சுப்பு ஆறுமுகம் அதே வில்லைச் சென்னைக்கும் கடல் கடந்தும் கொண்டுசென்றார். 2021-ஆம் ஆண்டு நடுவணரசின் பத்மசிறீ விருது அவரைத் தேடி வந்தது. 2022-ஆம் ஆண்டு மறைந்தார். சாமியை நம்பாதவனும் வில்லை நம்பலாம் என்பதற்கு இவ்விருவரினும் வேறு எவரைக் காட்டுவது?

ஆகவே நாகர்கோயில் நகரத்துப் பெற்றோர் அடுத்த முறை ஆடற்பள்ளிக்குக் கட்டணம் கட்டச் செல்லும்போது, 'என் மகள் ஆடப்போகும் பாட்டு எம்மொழியில்?' என்று கேட்டுவிட்டுக் கட்டட்டும். ஆசிரியர் சினந்துகொள்ள மாட்டார். பத்துப் பேர் கேட்டால் தமிழ் வண்ணமும் தமிழ்ப் பதமும் கற்பிக்கத் தாமே தேடிச் செல்வார். அரங்கேற்றத்து அழைப்பிதழைத் தமிழில் அச்சிடட்டும். அதே மேடையில், மகள் ஆடி முடித்து ஒப்பனை மாற்றும் இடைவேளையில், அரைமணி நேரம் ஒரு வில்லுக் குழுவை அமர்த்தட்டும். சலங்கை கட்டிய சிறுமியும் வீசுகோல் பிடித்த புலவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளட்டும். இருவரும் ஒரு தாய் மக்கள் என்று அவர்களுக்கே அன்றுதான் தெரியவரும்.

பங்குனி, சித்திரைக் கொடைகளுக்குத் தை, மாசியிலேயே அச்சாரம் கொடுப்பது வழக்கம். விழாக் குழுவினர் கூடி எழுதும் தாளில் முதல் வரி செண்டைக்கும் இரண்டாம் வரி மெல்லிசைக்கும் போய், எஞ்சிய தொகை வில்லுக்கு என்று எழுதப்படுகின்றது. அக்குழுக்களில் உறுப்பினராக இருக்கும் தமிழ்ப்பற்றாளர் ஊருக்கு ஒருவரேனும் உளர். இவ்வாண்டு அந்தத் தாள் எழுதப்படும்போது அவர்கள் எழுந்து நின்று, முதல் வரியில் வில்லின் பெயரையும் அதற்குரிய முழுத் தொகையையும் எழுதச் செய்யட்டும். பாட்டுக்கு இரவு முழுவதும் ஒதுக்கச் செய்யட்டும். மறுப்பவர் இருந்தால் அவர் பெயரையும் அத்தாளிலேயே குறித்து வைக்கட்டும்.